எட்டுக் கோப்பைத் தண்ணீர்

1

போன மாதம் ஊருக்கு, இலங்கை மலையகத்து நோர்வூட் பக்கம், வந்திருந்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அப்பாவை நேரில் பார்க்கிற மகள் என்ன செய்வாள்? காலில் விழுவாள், இல்லையென்றால் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் அவருடைய கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வயர் ஏதாவது காலில் தட்டுகிற மாதிரிக் கிடக்கிறதா, கட்டில் கால் ஆடுகிறதா, செருப்பின் அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று போய்விட்டதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"என்னா புள்ள, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டார் அப்பா.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். வயதானவர் யாரைக் கண்டாலும் என் கண் முதலில் அவர் காலடிக்குத்தான் போகும். முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்.

அப்பா கங்காணியாக இருந்தவர். தேயிலைத் தோட்டத்தில், பெண்கள் கொழுந்து பறிக்கிற மலையில் நின்று வேலை வாங்குவது அவர் வேலை. அம்மா போன பிறகு கொஞ்ச நாள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தனியாக இருந்தார். படியில் ஒருமுறை விழுந்தார். அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, ரோட்டோரத்தில் இருக்கிற இந்த முதியோர் இல்லத்துக்குத் துணிமூட்டையோடு வந்து சேர்ந்துவிட்டார். முன்பு அது சின்னதுரை பங்களா. அப்பா தன் காலமெல்லாம் பின்வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பங்களா. இப்போது துரை சாப்பிட்ட அறையில்தான் அவருடைய கட்டில் கிடக்கிறது. அதில் அவருக்குச் சொல்ல முடியாத திருப்தி.

"தொர ரோஸ்ட் கோழி தின்ன எடத்துல நான் கொறட்ட வுட்டுக்கிட்டு கெடக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

ஆனால் இங்கே வந்தும் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்துவிட்டார். கொழும்பில் நாலாம் மாடி வீட்டில் இருக்கும் என் தம்பி போனில் தீர்மானமாகச் சொன்னான்: "அக்கா, நீ போயி எடத்தப் பாரு. ஒனக்குத்தான் அந்த வேல தெரியும். சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் வேன் கொண்டாந்து அப்பாவ ஏத்திக்கிட்டு வந்துர்றேன்."

அப்பாவிடம் கொழும்பு என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். "நாலாம் மாடியில என்னய என்னா செய்யச் சொல்றான்? காயப்போட்ட சாரம் மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கவா?"

ஆக, மூன்று வார லீவில் நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில்தான் அப்பா எங்கே இருக்கப் போகிறார் என்பது முடிவாகும். சொந்த அப்பாவுக்கே நான் இன்ஸ்பெக்டர்.

2

இன்ஸ்பெக்டர் என்றால் என்ன என்பதை ஊரில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கிலாந்தில் எங்கள் இல்லத்துக்கு அரசாங்கத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். குளிக்கிற தண்ணீரின் சூட்டை அளப்பார்கள். குளிர்ப்பெட்டியைத் திறந்து, பால் போத்தலில் திறந்த தேதி எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவால் போவாய் என்று நடந்து போகும்போதே திரும்பிக் கேட்பார்கள். நாங்கள் இரண்டு வருஷமாகப் பாடம் பண்ணிவைத்த பதில் அந்த ஒரு நொடியில் மறந்துபோகும். எனக்கு ஒருமுறை இங்கிலீஷே மறந்துபோய், "அந்தப் பக்கம்" என்று கையை நீட்டித் தமிழில் சொன்னேன். கை சரியான கதவைக் காட்டியதால் தப்பித்தேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிது எழுத்து. ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்தால் எழுத வேண்டும். ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், எவ்வளவு மிச்சம் என்று எழுத வேண்டும். செய்துவிட்டு எழுதாமல் விட்டால் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஒரு கிழவருக்குத் தேத்தண்ணி கொடுத்ததற்குக் கையெழுத்தா என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் கேலி பண்ணுவேன்.

இப்போது என் மகள் கயல் என்னைக் கேலி பண்ணுகிறாள். அவளுக்குப் பதினைந்து வயது. குளியலறையில் தண்ணீர் சிந்திக் கிடந்தால் நான் கத்துவேன். உடனே அவள் இங்கிலீஷில் தன் தோழிக்கு, வீட்டில் இன்ஸ்பெக்ஷன் நடக்கிறது, பிறகு பேசுகிறேன் என்பாள். தமிழ் அவளுக்குக் காதில் ஏறும், வாயில் வராது. தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது "சாப்பிட்டீங்களா? சுகமா?" என்று இரண்டு கேள்வி. அதோடு அவளுடைய தமிழ் தீர்ந்துவிடும். அப்பாவும் "சாப்புட்டேன், சொகம்" என்பார். இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பேச்சை இழுத்துவிட வேண்டும்.

3

அப்பா இருக்கிற இல்லத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

"வாரும் பிள்ளை. வெளிநாட்டுக் கண்ணாலை வடிவாப் பாரும். எங்களிட்டை மறைக்க ஒண்டுமில்லை" என்று அழைத்துப் போனார்.

பார்த்தேன். சமையலறை பளிச்சென்று இருந்தது. மருந்துகள் ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனி டப்பாவில், பூட்டிய அலுமாரிக்குள் இருந்தன. பதினான்கு பேருக்கும் கம்பளி இருந்தது. என் மனதுக்குள் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டே போனேன். பின்பக்கம் வந்ததும் பேனை நின்றுவிட்டது. கழிவறை பங்களாவுக்கு வெளியே, பின்வாசலைத் தாண்டி, சீமெந்து நடையின் முடிவில் இருந்தது. நடை நனைந்திருந்தது. எங்கள் பக்கத்து மழையும் பனியும் உங்களுக்குத் தெரியாததா? வருஷத்தில் பாதி நாள் அது காயாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை.

"ஆரும் தனியப் போறதில்லை. பிள்ளையள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவினம்" என்றார் மிஸ்.

பிறகு அலுவலக அறையில் ஒரு கொப்பியை விரித்தார். அப்பா இரண்டாம் தடவை விழுந்தபோது, உடம்பில் தண்ணீர் குறைந்ததால்தான் தலைசுற்றுகிறது, ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை குடிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மிஸ் கோடு போட்டு, நேரம் போட்டு, அப்பாவுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண் புவனா ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட்டிருந்தாள். எட்டு, எட்டு, எட்டு. பக்கம் பக்கமாக எட்டு.

"எங்கடை எழுத்து வேலை எப்பிடி?" மிஸ் முகத்தில் நல்ல புள்ளி எடுத்த மாணவியின் பெருமை.

நான் அப்பாவிடம் போய் நாக்கை நீட்டச் சொன்னேன். வறண்டு, வெடித்துக் கிடந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். தோல் கிள்ளிய இடத்திலேயே நின்றது. எட்டுக் கோப்பை குடிக்கிற மனுஷனின் தோல் அப்படி நிற்காது. கொப்பியில் இருந்த சரிகளில் முக்கால்வாசி பொய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. அதே பொய்யை நானும் எழுதியிருக்கிறேன்.

4

இதை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க மழையில் நின்றாலும் பாதி நாள் வேலையாகத்தான் விழும். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, காய்ச்சல்காரி ஒருத்தி எப்போதும் இருப்பாள். நிறுவைக்குப் போகும் முன்னால் அம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுவார். பின்னால் வருகிறவரும் போடுவார். அவளுக்கு முழுப்பேர் விழும். அப்பா கங்காணியாக அங்கேயேதான் நிற்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்குப் பீடி பற்றவைக்க வேண்டியிருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். இதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

இங்கிலாந்தில் என்னோடு வேலை செய்த ஜின்சி கேரளத்துப் பெண். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். காலையில் இருந்து வாந்தி. அவள் பார்த்துக்கொண்ட ஹரல்ட் என்ற கிழவரின் தண்ணீர்க் கணக்கில் பிற்பகல் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மேலாளர் கண்டால் ஜின்சிக்கு ஏச்சு விழும். வேலை விசாவில் வந்தவள் வேறு. நான் யோசிக்கவே இல்லை. பேனையை எடுத்து அந்தக் கட்டங்களை நிரப்பினேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். அவள் பிறகு எப்படியும் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கை தன்பாட்டில் எழுதியது. மனதுக்குள் நான் அவள் கூடையில் கொழுந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜின்சி வந்து கொப்பியைப் பார்த்தாள். மலர் அக்கா, அதாவது நான், கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தாள். அவளும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மூன்று பிற்பகலும் ஹரல்ட் ஒரு சொட்டுக் குடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் சிறுநீரில் கிருமி, காய்ச்சல், ஆளை அடையாளம் தெரியாத பிதற்றல். ஆம்புலன்ஸ் வந்தது.

நான் போய் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் தந்து, திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை. ஹரல்ட் பிழைத்துத் திரும்பி வந்தார். ஆனால் அதுவரை தடியூன்றித் தோட்டம் வரை போய்வந்தவர், அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. என்னைக் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பல நாள் வேறு பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறேன்.

5

அதனால் புவனாவை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபத்துநாலு வயசு. பக்கத்துத் தோட்டத்துப் பெண். கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

அவள் போர்வைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். "அக்கா, மிஸ்கிட்ட சொல்லிருவீங்களா?"

"மொதல்ல எங்கிட்ட சொல்லு."

"கங்காணித் தாத்தாதான் எழுதச் சொன்னாரு அக்கா. காலையில ரெண்டு கோப்ப குடிப்பாரு. அதுக்கப்புறம் தண்ணிய கையில குடுத்தா, ஜன்னல் வழியா பூச்செடிக்கு ஊத்திருவாரு. 'நீ சரி போட்டுரு ஆயி, ஒனக்கு ஏச்சு வுழக் கூடாது'ன்னு சொல்லுவாரு. நான் எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்."

அங்கிருந்தே சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். அப்பாவின் ஜன்னலுக்கு நேரே இருந்த செவ்வந்தி மட்டும் இடுப்புயரம் வளர்ந்து, கொழுத்துப் பூத்திருந்தது. கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் மழுப்புவார் என்று தெரியும். ஆகவே ஹரல்டின் கதையைச் சொன்னேன். ஜின்சியின் வாந்தி, என் பேனை, ஆம்புலன்ஸ், எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ. அவர் கண் சிவந்துவிட்டது.

"வெறுங்கூடைக்கி பேரு போட்டியா?"

"நீங்களும்தானே அப்பா கண்ண மூடிக்கிட்டு நின்னீங்க?"

"கூடையில கொழுந்து இருந்துச்சி புள்ள! ஒங்கம்மா அவ கொழுந்த அள்ளிப் போட்டா. தராசுல நிறுத்தா எட நின்னுச்சி. அதனாலதான் நான் திரும்பிக்கிட்டேன். நீ என்னாத்த போட்ட? அந்த வெள்ளக்காரன் வயித்துல என்னா இருந்துச்சி?"

இத்தனை வருஷமாக நான் எனக்கே சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டேன்: "அப்ப ஒங்க வயித்துல என்னா இருக்கு அப்பா? புவனா கொப்பியில எட்டு இருக்கு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பற்றவைக்க இப்போது பீடி இல்லை. வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் புள்ளயோட அம்மா ஏங்கிட்ட வேல செஞ்சவ. லேட்டா வந்தான்னு, காலையில வேலைக்கிப் பேரு போடுற பெரட்டுல இருந்து அவள வீட்டுக்கு வெரட்டியிருக்கேன். இன்னிக்கி அவ மக கையப் புடிச்சிக்கிட்டு, ஒண்ணுக்குப் போகணும், கூட்டிட்டுப் போன்னு சொல்லவா? அவ கதவுகிட்ட நிப்பா. நான் உள்ள... ஒரு தடவன்னா சரி. தண்ணி குடிச்சா எத்தன தடவ?"

இதுதான் விஷயம். எட்டுக் கோப்பை உள்ளே போனால் எட்டுத் தடவை வெளியே போக வேண்டும். அந்த எட்டுத் தடவையும் அப்பாவால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. ஒன்பது வருஷம் இந்த வேலை செய்தும், மில்லி மில்லியாக எழுதியும், உள்ளே போகிற கணக்கைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஹரல்டும் ஒருவேளை இப்படித்தான் கேட்கக் கூச்சப்பட்டு இருந்தாரோ? அவரிடம் யாரும் கேட்டதில்லை.

6

மறுநாள் காலை அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டி, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி மிஸ்ஸின் அறைக்குப் போனார். "மிஸ், பொய் எழுதச் சொன்னது நான். அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. ஏசுறதுன்னா என்னய ஏசுங்க" என்றார்.

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போன வருஷம் மருந்து கொடுக்காமல் கொடுத்ததாக எழுதிய ஒருத்தியை அவர் அன்றைக்கே அனுப்பிவிட்டவர் என்று புவனா சொல்லியிருந்தாள்.

"கங்காணியார், நான் எட்டு எட்டு எண்டு கேட்டதாலைதானே அந்தப் பிள்ளை எட்டு எழுதினவள்? ரெண்டு எண்டு எழுதியிருந்தால் நான் ஏசியிருப்பன். பிழை என்னிலையும் இருக்குது" என்றார். அப்பா ஏன் குடிப்பதில்லை என்பதை நான் சொன்னதும் என்னிடம் திரும்பினார். "அந்த நடைக்கு என்ன செய்யலாம் எண்டு சொல்லும்."

நோர்வூட் டவுனில் வெல்டிங் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தோம். கட்டிலடியில் தொடங்கி, சுவரோடு பின்வாசல், சீமெந்து நடை, கழிவறைக்குள் உட்காருகிற இடம் வரைக்கும் இரும்புக் கம்பி. நடைக்கு மேலே தகரக் கூரை. கம்பியின் உயரத்தை அளக்க அப்பாவையே நிற்க வைத்தோம். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் மேலே வைக்கலாம் என்றதற்கு, "நான் என்னா மாடா, கொம்புக்கு அளவெடுக்குறியா?" என்று அவரை விரட்டி, தன் இடுப்புக்கு நேராக வைக்கச் சொன்னார். மிஸ் கொப்பியில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்: குடிக்காவிட்டால், ஏன்? அதில் புவனா எழுதிய முதல் வரி, "வேண்டாம் என்றார். பூச்செடிக்கு ஊற்ற நான் விடவில்லை."

கம்பி வந்தது நல்லதுதான். ஆனால் வழுக்குகிற நாளில் கம்பி மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்கு அவர் கூப்பிட வேண்டும். நான் இருந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டார். போகிற அன்றைக்குத் தம்பி போனில், "என்ன அக்கா, வேன் கொண்டாரவா?" என்று கேட்டான். "எடம் சரிதான்டா. அப்பாதான் சரியா இருப்பாரான்னு தெரியல. ஒரு மாசம் பொறு" என்றேன். விமானத்தில் எனக்கு முன்னால் வைத்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் குடிக்கப் பிடிக்கவில்லை.

நேற்று ஞாயிறு. வழக்கம் போல வீடியோ. கயல் தன் இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது போல எனக்குத் தோன்றியது. மகள் பார்வையை நம்ப முடியாது என்று நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினார். ஈரமாக இருந்தது. மழை, கோயில் திருவிழா, யாரோ விற்ற மாடு என்று பேசிக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்தினார்.

"இரு புள்ள" என்றார். போனைக் கட்டிலில் போட்டார். எனக்குத் துரையின் பழைய பலகைக் கூரை மட்டும்தான் தெரிந்தது. பிறகு, மலை உச்சியில் நின்று அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களைக் கூப்பிடுகிற அந்தக் குரல், பதினான்கு பேரும் சமையல்காரியும் மிஸ்ஸும் கேட்கிற மாதிரி வந்தது.

"ஏ புவனா! ஒண்ணுக்குப் போகணும்! வா ஆயி!"

"இந்தா வந்துட்டேன் தாத்தா!"

நான் அழுத சத்தம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். கயல் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, தாத்தாவுக்கு என்ன?" என்று கேட்டாள், சுத்தமான தமிழில்.

"தாத்தா ஒண்ணுக்குப் போறாரு" என்றேன்.